நான்கு மார்க்கு

சென்ற சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டு வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நம் தெருக்கோடியில் குடியிருப்பவர்; ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை ஷிப்டு பார்க்கிற மனிதர் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டு வந்திருக்கிறார் என்றால் காரியம் சாமானியமானதாய் இராது என்று எண்ணினோம். அவருக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்தபடி அவருடைய பெண் நின்றாள். வயது 13 நிரம்பியவள்.

"ஏனுங்க சார், ஒரு சங்கதி கேக்கலாமுங்களா?" என்று தொடங்கினார்.

சங்கதி இதுதான். அந்தப் பெண் நம் ஊரில் பெயர் பெற்ற ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். இலவசக் கல்விச் சட்டத்தின்படி ஒதுக்கப்பட்ட இடத்தில், குலுக்கலில் சீட்டு விழுந்து, எல்.கே.ஜி. வகுப்பில் சேர்ந்தவள். பத்து வருஷம் அங்கேயே படித்து எட்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். சட்டம் அளிக்கும் இலவசம் அத்துடன் தீர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் தொடர வேண்டுமானால் முழுச் சம்பளமும் கட்ட வேண்டும். அல்லது வெளியிலிருந்து வரும் பிள்ளைகளோடு சேர்ந்து பிரவேசப் பரீட்சை எழுத வேண்டும். அதில் நூற்றுக்கு 65-ம் அதற்கு மேலும் வாங்கினால் பாதிச் சம்பளம். குறைந்தால் சலுகை கிடையாது. பெண் எழுதினாள். 61 வந்தது.

"பத்து வருசமா அவிங்ககிட்டயேதானுங்க படிச்சா. இத்தனை வருசம் சொல்லிக் குடுத்தவிங்களுக்கு இவ எப்படிப் படிப்பான்னு தெரியாதுங்களா? இப்பப் போயி ஒரு பரீட்சை எதுக்குங்க?"

இந்தக் கேள்விக்கு நம்மால் உடனே விடை கூற முடியவில்லை. பட்டம் பெற்று, இருபது வருஷத்துக்கு மேல் பரீட்சைத் தாள்களைத் திருத்திச் சிவப்பு மையைச் செலவழித்திருக்கிறோம். இருந்தும், ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் உட்காருகிற ஒருவர் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி நமக்கே தோன்றிற்று. அன்று முதல் அது நம்மை விட்டபாடில்லை. ஆகவே இவ்வாரம் அதையே எழுத நேர்ந்தது. பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. நம் ஜில்லாவில் இப்படி நடப்பது அந்த ஒரு பள்ளியில் மட்டும் அன்று.

முதலில் சட்டம். 2009-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 13-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. பள்ளியில் சேர்க்கும்போது குழந்தையையோ பெற்றோரையோ எவ்விதச் சோதனைக்கும் உட்படுத்தலாகாது என்பது அதன் கட்டளை. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையிலும், பின்னர் ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். இடத்துக்கு மேல் மனு வந்தால் குலுக்கிப் போட வேண்டுமேயன்றிப் பொறுக்கி எடுக்கக்கூடாது. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதியும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக்கொண்டது; சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு மட்டும் பின்னர் முழு விலக்குக் கிடைத்தது.

இவ்வளவும் எழுத்தில் இருக்கும் சட்டம். நடப்பில் நாலு வயதுக் குழந்தையை ஒரு சிறு நாற்காலியில் உட்கார வைத்து, "இது என்ன கலர்? இது என்ன ஷேப்?" என்று கேட்பது ஒழிந்தபாடில்லை. அதற்குப் பெயர் மட்டும் 'அறிமுகம்' என்றும் 'உரையாடல்' என்றும் மாறியிருக்கிறது. பரீட்சை என்ற சொல்லைத்தானே சட்டம் தடுக்கிறது என்று நினைக்கிறார்கள் போலும்! அந்தச் சிறு குழந்தைகளின் விஷயத்தில் ஒரு கணக்கைப் பெற்றோர் யோசிக்க வேண்டும். ஒரே வகுப்பில் சேர வரும் இரண்டு குழந்தைகளில் ஒன்று ஆனியில் பிறந்தது; மற்றொன்று அடுத்த வைகாசியில் பிறந்தது. பெரியவர்களுக்குப் பதினொரு மாத வித்தியாசம் ஒன்றுமில்லை. நாலு வயதுக் குழந்தைக்கோ அது அதன் ஆயுளில் ஏறக்குறைய கால் பங்கு. மூத்தது நிறத்தைச் சொல்லும். இளையது அம்மாவின் முந்தானையைத் தேடும். மூத்தது புத்திசாலி என்று பட்டம் பெற்று உள்ளே போகிறது. இங்கிலாந்தில் 11 வயதில் நடத்தும் பரீட்சையிலேகூட, பிறந்த மாதத்தைக் கணக்கில் கொண்டு மார்க்கைச் சரிசெய்வார்கள். நம்மவர்களோ நாலு வயதிலும் அதைச் செய்வதில்லை.

நிற்க. எட்டாம் வகுப்புக்கு மேலே சட்டத்தின் கை எட்டுவதில்லை. ஒன்பதிலும் பதினொன்றிலும் பள்ளிகள் வெளிப்படையாகவே பரீட்சை வைக்கின்றன. அந்த மார்க்கை எப்படி எடை போடுகிறார்கள் என்பதே நம் கேள்வி. நாம் விசாரித்த மட்டில் மூன்று நான்கு விதங்கள் உண்டு. சில பள்ளிகளில் ஒரு கோடு கிழிக்கிறார்கள். கோட்டுக்கு மேல் உள்ளே, கீழே வெளியே. சில இடங்களில் பத்தாம் வகுப்பு மார்க்கையும் இந்த மார்க்கையும் கூட்டிப் பதினொன்றில் எந்தக் குரூப் என்று தீர்மானிக்கிறார்கள். டாக்டருக்குப் போக ஆசைப்படும் பிள்ளை வணிகவியல் வகுப்பில் உட்காருவது இவ்விதந்தான். வேறு சில இடங்களில் மார்க்கு ஏற ஏறச் சம்பளம் இறங்கும். நன்றாய்ப் படிக்கிற பிள்ளைக்குச் சம்பளத்தைக் குறைப்பது தர்மம் போலத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் படம் அடுத்த வருஷம் பஸ் நிலையத்துத் தட்டியில் ஏறும்போதுதான் அது எவ்வகைத் தர்மம் என்பது விளங்குகிறது.

இவற்றில் எதையும் எந்தப் பள்ளியும் அச்சிட்டுத் தருவதில்லை என்பதே பெரிய குறை. கேட்டால், "எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம்" என்கிறார்கள். அந்த 'எல்லாவற்றிலும்' தகப்பனாரின் தொழிலும் தாயாரின் இங்கிலீஷும் சேருமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் இடம் போய்விடுமோ என்ற பயம்.

எடையைப் பகிரங்கமாக்கினால் உலகம் கவிழ்ந்துவிடாது. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி அணைக்கு அருகில் 1962 முதல் நடந்து வரும் ஸைனிக் பள்ளி நம் ஜில்லாவிலேயே இருக்கிறது. அது தனியார் பள்ளி அன்று. ஆனால் பொறுக்கித்தான் சேர்க்கிறது. ஆறாம் வகுப்புப் பரீட்சை மொத்தம் 300 மார்க்கு. அதில் கணிதத்துக்கு மட்டும் 150. மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றுக்கும் தலைக்கு 50. தமிழிலேயே எழுதலாம். எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதும் முன்கூட்டியே வெளியாகிறது. கணிதத்துக்குப் பாதி கொடுத்தது நியாயமா என்று நாம் வாதாடலாம். ஆனால் வாதாடுவதற்கு ஒரு எண் நம் கையில் இருக்கிறது. நம் மாகாணத்தில் 1984 முதல் மருத்துவ, என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு நுழைவுப் பரீட்சை நடந்த காலத்திலும், பிளஸ் டூ மார்க்குக்கு 200, நுழைவுப் பரீட்சைக்கு 100 என்று கடைக்கோடிக் கிராமத்துப் பையனுக்கும் தெரியும். 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் அந்தப் பரீட்சையை எடுத்தார்கள். பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் பணம் கட்டித் தனிப்பயிற்சி பெற்றவர்களுக்கும் அது சாதகமாயிருக்கிறது என்பதுதான் அப்போது எழுந்த முக்கியமான புகார். அந்தப் புகாரையே இன்று 'நீட்' பரீட்சையின்மீது கூறுகிறோம். கல்லூரி வாசலில் அநீதி என்று நாம் எல்லோரும் சேர்ந்து கூவுவதைப் பள்ளிக்கூட வாசலில் மட்டும் தகுதி என்று கொண்டாடுகிறோம். இந்த விசித்திரத்தில் உபாத்தியாயர்களாகிய நமக்கும் பங்கு உண்டு.

பள்ளிக்காரர்களின் கட்சியையும் சொல்லத்தான் வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு தலைமையாசிரியர், நேர்மையான மனிதர், கேட்டார்: "நாற்பது இடத்துக்கு முந்நூறு பேர் வந்து நிற்கிறார்கள். எதைக் கொண்டு பிரிக்கச் சொல்கிறீர்? சிபாரிசுக் கடிதத்தைக் கொண்டா? நன்கொடையைக் கொண்டா? பரீட்சையாவது ஏழை பணக்காரன் பார்க்காது." இதில் உண்மை இல்லாமல் இல்லை. மந்திரியின் டெலிபோனைவிட மார்க்கு மேல் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பரீட்சை எதைப் பார்க்கிறது என்பதைச் சற்று ஆராய வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்குச் செக்கிங் மேஜையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தைத்து முடித்த பனியன் மேஜைக்கு வருகிறது. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்துப் பெண்கள் ஒதுக்குகிறார்கள். ஒதுக்கப்பட்டது செகண்ட்ஸ் ஆகிக் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போய்விடுகிறது. செகண்ட்ஸ் அதிகமானால் முதலாளி துணியைத் திட்டுவதில்லை. எந்த மெஷின், எந்த டெய்லர், எந்த நூல் என்று தேடுகிறார். தன் கம்பெனியில் செய்த பண்டத்தைத் தானே சோதிப்பதால் பிழை தன்னுடையது என்று அவருக்குத் தெரிகிறது. பள்ளியின் பிரவேசப் பரீட்சையோ இதற்கு நேர் எதிர். வேறு யாரோ நெய்த துணியை வாசலில் நிறுத்திப் பார்த்து, பழுதில்லாததை மட்டும் உள்ளே விட்டு, இரண்டு வருஷம் கழித்து, "பாருங்கள், எங்கள் துணியில் பழுதே இல்லை!" என்று விளம்பரம் செய்வதாகும்.

பொறுக்கிச் சேர்க்கும் பள்ளிகளில் பிள்ளைகள் நன்றாய்ப் படிப்பது பள்ளியினாலா, பொறுக்கியதனாலா? இதை வெறும் வாதமாக விடாமல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன், நியூயார்க் நகரங்களில் பரீட்சை வைத்துச் சேர்க்கும் புகழ்பெற்ற பள்ளிகள் உண்டு. ஜோஷுவா ஆங்கிரிஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் (2021-இல் நோபல் பரிசு பெற்றவர்) சகாக்கள் இருவருடன் சேர்ந்து, கோட்டுக்குச் சற்று மேலே நின்று உள்ளே போன பிள்ளைகளையும், சற்றுக் கீழே நின்று வெளியே போன பிள்ளைகளையும் பின்தொடர்ந்து பார்த்தார். ஒரு மார்க்கு இரண்டு மார்க்கில் பிரிந்த இவர்கள் மற்ற எல்லாவற்றிலும் ஒரே மாதிரியானவர்கள் அல்லவா? 2014-இல் வெளியான முடிவு என்னவென்றால், பிற்காலப் பரீட்சைகளிலும் கல்லூரி சேர்வதிலும் இவ்விரு கூட்டத்தாருக்கும் சொல்லத் தக்க வித்தியாசம் இல்லை என்பதே. எல்லா நாட்டிலும் இப்படியே என்று சொல்லமாட்டோம். ருமேனியாவில் இதே முறையில் பார்த்தபோது சிறிது ஆதாயம் தென்பட்டது. நம் அண்டையிலுள்ள ஆந்திரத்தில் கார்த்திக் முரளீதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் 180 கிராமங்களில் செய்த ஆராய்ச்சி 2015-இல் வெளியாயிற்று. குலுக்கல் மூலம் தனியார் பள்ளியில் இலவசமாய்ப் படிக்க வாய்ப்புப் பெற்ற குழந்தைகள், நாலு வருஷம் கழித்து, தெலுங்கிலும் கணக்கிலும் மற்றக் குழந்தைகளைவிட மேலும் இல்லை, கீழும் இல்லை. ஹிந்தியில் மட்டும் முந்தினார்கள். தனியார் பள்ளிகள் இதையெல்லாம் குறைந்த செலவில் செய்தன என்பதையும் அந்த ஆராய்ச்சி மறைக்கவில்லை.

கொரியா தேசத்துக் கதை ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1964 டிசம்பரில் ஸியோல் நகரில் நடுநிலைப் பள்ளிகளுக்குப் பிரவேசப் பரீட்சை நடந்தது. 'யோத்' என்ற மிட்டாய் காய்ச்சும்போது முளைகட்டிய தானியத்துக்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம் என்று ஒரு கேள்வி. 'டயாஸ்டேஸ்' என்பது அதிகாரிகளின் விடை. 'முள்ளங்கிச் சாறு' என்று எழுதிய பிள்ளைகளுக்கு மார்க்கு இல்லை. அந்த ஒரு மார்க்கில் பல பிள்ளைகள் முதல்தரப் பள்ளிகளை இழந்தார்கள். தாய்மார்கள் சும்மா இருப்பார்களா? வீட்டில் முள்ளங்கிச் சாற்றை விட்டு மிட்டாய் காய்ச்சி, பாத்திரத்தோடு எடுத்துக்கொண்டு கல்வி அதிகாரிகளின் அலுவலகத்துக்குப் போனார்கள். "இதோ மிட்டாய், தின்று பாருங்கள்" என்பதுதான் அவர்களுடைய வாதம். வழக்குக் கோர்ட்டுக்குப் போயிற்று. 1965-இல் பெற்றோர் ஜெயித்தார்கள். 38 பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. பிறகு 1968-இல் அந்தப் பரீட்சையையே ஒழிப்பதாக அறிவித்து, மறுவருஷம் ஸியோலில் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். அத்துடன் போட்டி தீர்ந்ததா என்றால் தீரவில்லை. அது மேல் வகுப்புகளுக்கு இடம் பெயர்ந்தது. ஆனாலும் 12 வயதுக் குழந்தையின் தலையிலிருந்து இறங்கிற்று.

நம் தாய்மார்கள் பாத்திரத்தோடு போக வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. போனாலும் பயன் இல்லை. ஏனெனில் என்ன கேள்வி, என்ன விடை, எதற்கு மார்க்கு என்பது நமக்குக் காட்டப்படுவதே இல்லை. கொரியாவில் விடையாவது பகிரங்கமாயிருந்தது.

இன்னொன்று. இந்தப் பரீட்சைகள் பெரும்பாலும் இங்கிலீஷிலேயே நடக்கின்றன. நம் ஊரில் தமிழ் வீடுகளோடு தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் உண்டு. இப்போது பீஹார், ஒரிஸ்ஸா குடும்பங்கள் ஏராளம். கணக்கைத் தெரிந்த பிள்ளை, கணக்கைக் கேட்ட பாஷை புரியாமல் தவறுகிறது. அந்தத் தாள் அளந்தது கணிதத்தையா? உயர்நிலைப் பள்ளியில் தமிழிலே பாடம் சொல்ல வேண்டுமென்று பாடுபட்டு, 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரியாய் இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் 1903-இல் பிறந்தது இதே திருப்பூரில். கொடியைப் பிடித்த கையோடு 1932-இல் உயிர் விட்ட குமரனுக்குச் சிலை வைத்த நாம், அவருடைய ஊரிலேயே தமிழில் கேள்வி கேட்கக் கூசுகிறோம்.

இனி அந்த நான்கு மார்க்கு. ஒரே பிள்ளை ஒரே தரத்துத் தாளைத் திங்கட்கிழமை எழுதினால் 61 வாங்கும். வியாழக்கிழமை எழுதினால் 66 வாங்கும். தலைவலி, தூக்கமின்மை, முதல் கேள்வி பழகியதாய் இருப்பது, திருத்துகிறவரின் பசி ஆகிய எல்லாம் அதில் உண்டு. திருத்துகிறவரின் பசியைப் பற்றி நாம் அனுபவத்தோடு சொல்கிறோம். ஆகையால் 65-க்கும் 61-க்கும் நடுவில் இருப்பது தகுதி அன்று; தற்செயல். தற்செயலே தீர்மானிக்கப் போகிறதென்றால் அதை ஒளிக்காமல் செய்யலாமே? தேர்ச்சிக்கு ஒரு குறைந்த மார்க்கை வைத்துக்கொண்டு, அதற்கு மேற்பட்ட எல்லோருடைய பெயரையும் குடத்தில் போட்டுப் பெற்றோர் முன்னிலையில் குலுக்கலாம். சீட்டு விழாத பிள்ளை, "எனக்கு அதிர்ஷ்டம் இல்லை" என்று வீட்டுக்குப் போகும். "எனக்கு மூளை இல்லை" என்று போகாது. வீட்டில் பெண்ணோடு பேசும்போது இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பெற்றோருக்கே தெரியும்.

அன்றியும், தாங்களே பத்து வருஷம் கற்பித்த பிள்ளையை அயலாரோடு நிறுத்திச் சோதிப்பது எதற்கு? அவளுடைய எட்டு வருஷத்து மார்க்குப் பதிவும் அங்கேயே அலமாரியில் இருக்கிறது. ஒரு காலைப்பொழுதில் எழுதிய தாளுக்கு முழு எடையும், எட்டு வருஷப் பதிவுக்குச் சைபர் எடையும் கொடுத்திருக்கிறார்கள். அவள் 61-தான் வாங்கத் தக்கவள் என்றால் செக்கிங் மேஜையில் தேட வேண்டிய மெஷின் எது?

இதையெல்லாம் அன்று அந்தத் தகப்பனாரிடம் இவ்வளவு விரிவாய்ச் சொல்லவில்லை. சட்டத்தில் இடம் இல்லை என்பதைச் சொன்னோம். அவர் தலையை அசைத்தார். பெண் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "கண்ணு, நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டோம்.

"எந்தக் கணக்குத் தப்புன்னு தெரிஞ்சாப் போதுங்க சார்," என்றாள். "தாளைக் கேட்டேன். திருப்பித் தரமாட்டாங்களாம்."

தாளைக் கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தோம். விடைத்தாளின் நகல் ஒன்று, எந்த மார்க்குக்கு எவ்வளவு எடை என்ற விவரம் ஒன்று, ஆக இரண்டே கோரிக்கை. தகப்பனார் கையெழுத்திட்டார். பெண் உறையில் பத்திரமாய் வைத்துக்கொண்டாள். ஜூன் மாதத்தில் அவள் மாநகராட்சிப் பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். அங்கே யாரும் அவளுக்குப் பரீட்சை வைக்கவில்லை. காலையில் நம் வீட்டைத் தாண்டித்தான் போகிறாள். மனுவுக்கு இதை எழுதும் வரையில் பதில் இல்லை. வந்தால் வாசகர்களுக்கு அறிவிப்போம்.